மறுவாழ்வு மருத்துவம்

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே ஐயங்கார்குளம் என்னும் சிற்றூர் உள்ளது. பரந்த ஏரியும், அதன் கரையில் அமைந்த சஞ்சீவிராயர் கோயிலும், படியிறங்கிச் சென்று காணத்தக்க நடவாவிக் கிணறும் அவ்வூருக்குச் சிறப்பளிப்பனவாம். சித்திரை முழுநிலா நாளில் காஞ்சி வரதராசப் பெருமாள் அக்கிணற்று மண்டபத்திற்கு எழுந்தருளுவார். சஞ்சீவிராயர் என்பது அனுமனுக்கு வழங்கும் பெயர். போர்க்களத்தில் வீழ்ந்து கிடந்தோர்பொருட்டு அனுமன் மருந்துமலையைப் பெயர்த்துக் கொணர்ந்தான் என்பதும், அம்மலையின் காற்றுப் பட்ட அளவிலே அவர்கள் உறங்கி விழித்தார் போல எழுந்தனர் என்பதும் இராம காதை கூறும் செய்திகள்.

காவியத்தில் ஒரு நொடியில் நிகழ்வது வாழ்க்கையில் அவ்வாறு நிகழ்வதில்லை. பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் செயலற்றுப்போன முதியவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிற் கிடக்கும் மூதாட்டி ஒருவரையும் எண்ணிப் பார்ப்போம். மருந்து உயிரைக் காக்கும். அறுவை மருத்துவம் முறிந்த எலும்பைப் பொருத்தும். எனினும், தம் கையால் உண்ணுதல், தம் காலால் நடத்தல், தம் ஆடையைத் தாமே உடுத்தல் ஆகியவை அவற்றால் மட்டும் திரும்பி வாரா. இழந்த இச்செயல்களை இயன்ற அளவு மீட்டுத் தருவதே மறுவாழ்வு மருத்துவம் ஆகும்.

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்பது திருவள்ளுவர் கருத்து. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. இவற்றுள் பின்னைய மூன்றையும் செவ்வனே அமைத்துத் தந்த அறச்சாலை ஒன்று, ஐயங்கார்குளம் அமைந்த காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே முன்னாளில் இருந்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அதனை விரித்துரைக்கின்றது. நோயுற்றோரை ஆதுலர் என்பது அக்கால வழக்கு. ஆதலின் அம்மருத்துவமனை ஆதுலர் சாலை எனப்பட்டது. அதற்கு வீரசோழன் என்னும் பெயரும் இருந்தது. நோயாளர் பதினைவர் அங்கே படுத்திருந்து மருத்துவம் பெற்றனர். நாடி பார்த்து மருந்தளிக்கும் மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்வோர் இருவர், மருந்து காய்ச்சிப் பணிவிடை செய்யும் பெண்டிர் இருவர் ஆகியோர்க்கு நெல்லும் காசும் வரையறுக்கப்பட்டிருந்தன. ஓராண்டுக்கு வேண்டும் மருந்துகளும் தைலங்களும் முன்னரே சேமித்து வைக்கப்பட்டன. நோயாளர் ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் நாழி அரிசி அளக்கப்பட்டது. இரவில் எரியும் விளக்கிற்கும் பொருள் ஒதுக்கியிருந்தனர் என்றால், முன்னோர்தம் அருளுள்ளத்தை என்னென்பது!

நான்கு கூறுகளுள் முதலாவது, நோயுற்றவனே அன்றோ? மறுவாழ்வு மருத்துவம் தன் கருத்தைச் செலுத்துவது அவன்மீதுதான். மற்றவர் செய்வதைப் பெற்றுக்கொண்டு வாளா கிடப்பவனாக அவனை விட்டுவிடாமல், தன் நலத்திற்குத் தானே உழைப்பவனாக அது ஆக்குகின்றது.

இதன் இன்றியமையாமையை உடலின் இயல்பே காட்டும். இயங்காத தசை நாளடைவில் மெலியும். மடங்கியே இருக்கும் மூட்டு அவ்வாறே இறுகிவிடும். ஒரே பக்கமாகக் கிடப்பவரின் இடுப்பிலும் குதிகாலிலும் எலும்பு அழுத்தும் இடங்களில் குருதியோட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் தோன்றும். நெஞ்சிற் சளி தேங்கிக் காய்ச்சலும் உண்டாகும். ஆதலின், இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும் என்பர். மருத்துவர் இசைவு தந்ததும், இயன்முறை மருத்துவர் அவருடைய கைகால்களை மெல்ல அசைத்துவிடுவார். பின்னர்ப் படுக்கையில் அமர்தல், எழுந்து நிற்றல், இணைகம்பிகளைப் பற்றி நடத்தல், ஊன்றுகோலுடன் நடத்தல் எனப் பயிற்சி படிப்படியாக வளரும். ஒரே செயலைப் பன்முறை பழகுவதால், மூளையில் ஊறுபடாத பகுதிகள் இழந்த செயலை ஓரளவு ஏற்றுக்கொள்ளுகின்றன. பருத்த பிடியுடைய கரண்டியால் உண்ணவும், ஒரு கையால் பொத்தான் இடவும், குளியலறையிற் சுவர்க்கம்பியைப் பற்றி எழவும் பழக்குவது வேறொரு துறை. பேச்சிழந்தவர்க்குச் சொற்களை மீண்டும் பயிற்றுவோரும் உளர்.

முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் பேணுவோர் அன்பினாலேயே செய்யும் பிழை ஒன்று உண்டு. முதியவர் தாமே உண்ணத் தொடங்கினால் நேரமாகும், சோறு சிந்தும் என்று எண்ணி, அவர்கள் விரைந்து ஊட்டிவிடுவர். நடந்தால் விழுவார் என்று அஞ்சி நாற்காலியிலேயே இருத்துவர். அதனால் எஞ்சியிருந்த ஆற்றலும் தேய்ந்துபோகின்றது. தம்மால் ஒன்றும் ஆகாது என்னும் எண்ணம் முதியவர் உள்ளத்தில் ஊன்றிவிடுகின்றது. செய்ய இயலாததில் உதவுதலும், செய்ய இயன்றதைச் செய்யவிட்டு அருகில் நின்று காத்தலுமே நல்ல பணிவிடையாகும்.

இவ்வுண்மையைத் தம் வாழ்வினாலேயே விளக்கியவர் மருத்துவர் மேரி வர்கீசு ஆவார். கேரளத்துச் செராய் என்னும் ஊரில் 1925இல் பிறந்த இவர், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பயின்றார். 1954இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டு ஊறுபட்டு, இரு கால்களும் செயலிழந்தன. தம் வாழ்வு முடிந்தது என்றே அவர் வருந்தியிருக்கக்கூடும். ஆனால் கைகள் நலமாக இருந்தன. மருத்துவர் பால் பிராண்டு அளித்த ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் சீர்செய்தார். பின்னர் ஆத்திரேலியாவின் பெர்த்து நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் அத்துறைக் கல்வியும் கற்று வேலூருக்கு மீண்டார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளியாகவும் மருத்துவராகவும் ஒருங்கே நின்று வழிகாட்டிய இவருக்கு 1972இல் பத்மசிரீ விருது வழங்கப்பட்டது. இவர் 1986இல் மறைந்தார்.

முதுமைக்குரிய மருத்துவமும் மறுவாழ்வுப் பணியும் இந்நாளில் பெருகி வருகின்றன. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. படுக்கையிற் கிடப்போர்க்கு வீட்டிற்கே வந்து இயன்முறை மருத்துவம் அளிப்பது அதன் பகுதிகளுள் ஒன்று. சென்னைக் கிண்டியில் முதியோர்க்கெனத் தனி மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது.

எனினும், மருத்துவர் வந்து செல்வது சிறிது நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் முதியவர் உடனிருப்பது வீட்டாரும் இல்லத்துப் பணியாளருமே. பேரன் தோள் கொடுக்க, பாட்டனார் திண்ணையிலிருந்து வாயில்வரை பத்தடி நடந்தால், அதுவும் மருத்துவமே. நாளை அது பதினோரடி ஆகலாம். மருந்துமலையைப் பெயர்த்தெடுக்கும் ஆற்றல் மக்களுக்கு இல்லை. தளர்ந்தவர் எழும்வரை பொறுமையோடு கைகொடுத்து நிற்கும் ஆற்றல் யாவர்க்கும் உண்டு.