கலம்காரிச் சேலை வாங்கிய வாசகருக்கு



திருப்பதியில் எடுத்த கலம்காரிச் சேலையின் படத்தை அனுப்பி, "இது அசலா? அச்சென்றால்தான் என்ன, அழகாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள். அது டிஜிட்டல் அச்சு. முந்தானையில் திரும்பத் திரும்ப வரும் மயிலைப் பாருங்கள், இறகுகூடப் பிசகவில்லை. கையால் எழுதுகிறவருக்கு அப்படி வராது. இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

திருப்பதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கலம்காரியைக் கையால் எழுதும் காளஹஸ்தி. அங்கே பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து ஊறவைத்து உலர்த்துகிறார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் மை பரவாது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் புளிக்கவிட்டு எடுப்பதுதான் மை. துணியைச் சுற்றிய மூங்கில் குச்சியால் அதைத் தொட்டு எழுதுவார்கள். கடுக்காயின் துவர்ப்போடு இரும்பு சேரும்போதுதான் கோடு கறுக்கிறது. சிவப்பும் அப்படித்தான். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சாயம் பிடிக்கும், மற்ற இடத்தில் அலச அலசப் போய்விடும். அலச ஓடும் தண்ணீர் வேண்டும்; அதனால்தான் காளஹஸ்தியின் பொன்முகலி ஆற்றங்கரையில் இந்தத் தொழில் வேரூன்றியது. நூலுக்குள் நடக்கும் இத்தனை வேலையில், அச்சு இயந்திரம் எடுத்துக்கொள்வது கடைசியில் கண்ணுக்குத் தெரியும் உருவத்தை மட்டுமே.

இப்படி எடுத்துக்கொள்வது இன்று தொடங்கியதல்ல. சோழமண்டலக் கரையின் சாயத்துணிகளோடு போட்டியிட முடியாமல் 1686-இல் பிரான்ஸ் அவற்றுக்குத் தடை விதித்தது. துணியைத் தடுத்தாலும் அதன் நுட்பம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. 1742-இல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இங்கே கிறிஸ்தவரான சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறைகளை விரிவான கடிதமாகத் தன் நாட்டுக்கு எழுதி அனுப்பினார். 1783-இல் தாமஸ் பெல் பிரிட்டனில் துணியில் உருளையால் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று "கலம்காரி பாணியில் ஒரு ராமர் பட்டாபிஷேகம்" என்று தட்டினால் செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் வரைந்து தருகிறது. அது கற்றது, யார் யாரோ எழுதி இணையத்தில் ஏறிய படங்களிலிருந்து. சொல்லிக்கொடுத்தவருக்குப் பலன் போகாத கதை அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

இவ்வளவுக்கும் நடுவே இந்தக் கலை பிழைத்திருப்பதே பெரிது. மங்கிப்போயிருந்ததை 1950-களில், கைவினைகளுக்காகப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியும் காளஹஸ்தியில் தொடங்கிய பயிற்சி மையமும் மீட்டன. அந்த ஊர்க் கலைஞர் ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நான் கணினிக்கு எதிரியல்ல. சித்தூரில் ஒரு பெண் டேப்லெட்டில் தன் கற்பனையை வரைந்தால் அவளும் கலைஞர்தான். காளஹஸ்திக்காரர்களே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, தரகர் இல்லாமல் விற்க முடிகிறதே, அதுவும் இதே தொழில்நுட்பத்தின் கொடைதான். என் வழக்கு பெயரைப் பற்றியது. காளஹஸ்தி கலம்காரி புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரில் அச்சுத்துணியை விற்பது, பல வாரம் உட்கார்ந்து எழுதுகிறவரின் கூலியைப் பறிப்பது. இதை நான் திருட்டு என்றே சொல்வேன்.

வாங்கிய சேலையைத் தயங்காமல் கட்டுங்கள். அடுத்த முறை கடையில், "கையால் எழுதியதா, அச்சா?" என்று கேளுங்கள். கையால் எழுதியது என்றால் அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அச்சுத்துணியின் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.