வரப்பில் சாரை: கம்பை எடுக்குமுன் கவனியுங்கள்

வாலாஜாபேட்டை வட்டாரத்தில் வைக்கோல் போரைப் பிரிக்கும்போதும், கரும்புத் தோகை உரிக்கும்போதும் பாம்பு கண்ணில் படுவது புதிதல்ல. "பாம்பு" என்று ஒருவர் குரல் கொடுத்தால் போதும், நாலு பேர் கம்போடு ஓடி வருவார்கள். அடிபட்டுச் சாவது பல நேரங்களில் சாரைப்பாம்புதான். அது பகலில் இரை தேடுவது. ஆறேழு அடி நீளம் வளர்வது. ஓடினால் ஊரே பார்க்கும். இரவில் நடமாடும் கட்டுவிரியனோ தப்பிவிடுகிறது. நஞ்சுள்ளது பிழைக்க, நஞ்சில்லாதது சாகிறது.

சாரைக்கு நஞ்சு கிடையாது. எலி, தவளை, ஓணான், சிறு பறவை ஆகியவையே அதன் இரை. இவற்றில் விவசாயிக்கு முக்கியமானது எலி. வரப்பெலி நெற்கதிரைக் கத்தரித்து, தின்றது போக மிச்சத்தை வளைக்குள் சேமிக்கிறது. கருவுற்ற மூன்று வாரம் சொச்சத்தில் குட்டி போட்டுவிடும். ஆந்தையும் பூனையும் வெளியே வந்த எலியைத்தான் பிடிக்க முடியும். சாரையோ வளைக்குள்ளேயே நுழைந்து, கண் திறவாத குட்டிகளையும் சேர்த்து விழுங்கிவிடும். கூலியில்லாமல் இந்த வேலையைச் செய்கிற ஜீவனை அடித்துவிட்டு, பிறகு எலி மருந்துக்குக் கடையில் காசு கொடுப்பது என்ன கணக்கோ தெரியவில்லை.

தோல் தொழிலுக்குப் பேர்போன இந்தப் பக்கத்தார் ஒரு பழைய சங்கதியை நினைவில் கொள்ளலாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் பதனிடப்பட்டதுபோல, பாம்புத்தோலுக்கும் ஒரு காலத்தில் பெரிய வியாபாரம் இருந்தது. கைப்பைக்கும் செருப்புக்கும் இடுப்பு வாருக்கும் லட்சக்கணக்கான தோல்கள் வெளிநாடு போயின. அவற்றில் சாரைத்தோல் ஏராளம். பாம்பு பிடித்துக் கொடுத்த இருளர்களுக்குக் கிடைத்தது சொற்பக் காசு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. இருளர்களின் பிழைப்பும் அதோடு நின்றது.

1978இல் அவர்களுக்காக இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அது இயங்குகிறது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கான மருந்து தயாராகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எலி வளையை வெட்டி எலி பிடிப்பதிலும் இருளர்கள் கைதேர்ந்தவர்கள். வளைக்குள் கிடக்கும் நெல்லும் அப்போது வெளியே வரும்.

சாரையைப்பற்றிக் கிராமங்களில் உலவும் கதைகள் பல. மாட்டின் காலைச் சுற்றிக்கொண்டு பால் குடிக்கும் என்பது ஒன்று. பாம்பின் வாய் உறிஞ்சிக் குடிக்கும் அமைப்புடையதே அல்ல. மடிவற்றினால் வேறு காரணம் தேடவேண்டும். நாகமும் சாரையும் பிணையும் என்பது இன்னொன்று. இரண்டு உடல் முறுக்கிக்கொண்டு எழும்பி நிற்பதைப் பார்த்தவர்கள் சொல்வது இது. பெரும்பாலும் அவை இரண்டும் ஆண் சாரைகள், நடப்பது பலப்பரீட்சை.

சாரைக்குக் கண் பெரிது. உதட்டோரச் செதில்களில் கறுப்புக் கோடுகள் தெரியும். படம் எடுக்காது. ஆனால் வழி மறிக்கப்பட்டால் கழுத்தை உப்பி உறுமும், கடிக்கவும் செய்யும். நல்ல பாம்பு எல்லா நேரமும் படம் விரித்துக் காட்டுவதில்லை என்பதால், அவசரத்தில் இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்ள இடமுண்டு. ஆகவே எந்தப் பாம்பானாலும் கையால் தொடவேண்டாம். பத்தடி விலகி நின்று வழி விட்டால் அதுவாகவே போய்விடும். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லி அனுப்பலாம். பாம்பை அடிப்பது சட்டப்படியும் குற்றம்.

நஞ்சுள்ள நாலு பாம்புகளை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். கடி பட்டால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிறு போட்டு இறுக்குவதும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல், 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். மந்திரிப்பவர் வீட்டு வாசலில் கழியும் அரைமணி நேரம் உயிரைப் பறித்துவிடும். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது.

சாரை இருக்கும் வயலிலும் எலி அடியோடு ஒழிந்துவிடாது. வரப்பைக் குறுகலாகப் போட்டால் வளை தோண்ட இடம் குறையும். 'டி' வடிவில் குச்சி நட்டால் இரவில் ஆந்தை வந்து உட்காரும். தஞ்சாவூர்க் கிட்டியும் கைகொடுக்கும். தோட்டத்து வேலியில் பழைய நைலான் வலையைத் தரையோடு விட்டால் பாம்பு சிக்கிச் சாகும். அரையடி தூக்கிக் கட்டவேண்டும். மருந்து வைத்தே தீரவேண்டுமென்றால், மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் மூடிவிட்டு, மறுநாள் திறந்திருக்கும் வளைகளில் மட்டும் வைக்கலாம். செத்த எலிகளை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடவேண்டும். மருந்து தின்ற எலியைத் தின்றால் பாம்புக்கும் ஆந்தைக்கும் வீட்டு நாய்க்கும் ஆபத்து நேரக்கூடும்.