முரட்டுப் பையனுக்குத் தற்காப்புக் கலையா?

படிப்பை நிறுத்திவிட்டுத் தெருமுனையில் நிற்கும் பையன்களைப் பற்றி மஹல்லாக் கூட்டங்களில் பேச்சு வந்தால், “ஒரு கராத்தே வகுப்பு வைக்கலாமே” என்று யாராவது சொல்வார். உடனே இன்னொருவர், “ஏற்கெனவே முரடன். அவனுக்குக் குத்தவும் கற்றுக்கொடுக்கவா?” என்பார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எப்படி என்பதை அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது.

மைக்கேல் ட்ரல்சன் என்பவர் 1986இல் வெளியிட்ட ஆய்வு அது. தவறான வழியில் போகும் இயல்புடையவர்கள் என்று உளவியல் சோதனையில் தெரிந்த, 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 34 பையன்களை அவர் மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஆறு மாதம், வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி. முதல் குழுவுக்கு மரபுவழி டேக்வாண்டோ. அடிமுறையோடு, அமைதியாக அமர்ந்து மனதை ஒருமுகப்படுத்துவதும், பொறுமை, பிறரை மதித்தல் பற்றிய போதனையும் உண்டு. இரண்டாம் குழுவுக்குச் சண்டை நுணுக்கம் மட்டும். மூன்றாம் குழுவுக்கு ஓட்டம், கூடைப்பந்து போன்றவை. முடிவில் முதல் குழுவினரின் மூர்க்கம் தணிந்தது, தன்மதிப்பு உயர்ந்தது. இரண்டாம் குழுவினரோ முன்பைவிட மூர்க்கமானார்கள்! மூன்றாம் குழுவினரின் மூர்க்கத்தில் பெரிய மாற்றமில்லை.

34 பேர் சிறிய எண்ணிக்கைதான். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் கோபத்தை அடக்குபவரே பலசாலி என்பதை நபிமொழியாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த முடிவு வியப்பளிக்காது.

பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் மரே என்ற பெரிய குடிசைப் பகுதி உண்டு. போதைப்பொருள் கும்பல்கள் தெருக்களைப் பங்கு போட்டுக்கொண்டு, சிறுவர்கள் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்த இடம். குத்துச்சண்டை வீரராக இருந்த லூக் டவ்டனி என்ற பிரிட்டிஷ்காரர் 2000இல் அங்கே ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். ‘சமாதானத்துக்காகப் போராடு’ என்ற பொருளில் அதற்குப் பெயர். அறிவுரைக் கூட்டம் என்றால் அந்தப் பையன்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள்; குத்துச்சண்டை என்றால் வருவார்கள். வந்தவர்களுக்கு அதே கூரையின்கீழ் விட்டுப்போன படிப்பைத் தொடர வகுப்பு, வேலைக்கு வழிகாட்டல், மனம்விட்டுப் பேச ஆள் என்று எல்லாம் கிடைத்தன. இளைஞர்களுக்கே பொறுப்புகளும் கொடுத்தார்கள். 2007இல் லண்டனிலும் இதே முறையில் ஒரு கூடம் திறக்கப்பட்டது.

நம் மஹல்லாவில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஆசானை. எத்தனை கோப்பை வாங்கியவர் என்பது இரண்டாம்பட்சம். தோற்ற பையனிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று ஒருநாள் ஓரமாக நின்று கவனியுங்கள், போதும். ஜூடோவில் முதல் பாடமே அடிபடாமல் விழுவதுதான். எதிராளியைத் தூக்கிப் போடுவதெல்லாம் பிறகு. எந்தக் கலையானாலும் அந்த வரிசை நல்லது. போட்டிக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியை வேண்டும். எந்த வகுப்பிலும் பெரியவர்கள் இருவராவது இருக்கட்டும், பெற்றோர் எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கட்டும்.

வெளியே சண்டை போட்டவனை உடனே நீக்கிவிடுவது எளிது. ஆனால் வகுப்பு யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவனேதான் அந்தப் பையன். சில வாரம் மோதல் பயிற்சியை மட்டும் நிறுத்திவைத்து, வகுப்புக்கு வரச் சொல்லலாம். தொடர்ந்து இரண்டு நாள் வராதவனின் வீட்டுக்கு யார் போய்க் கதவைத் தட்டுவது என்பதையும் முதல் வகுப்புக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.