சமைத்தவருக்கும் ஒரு கிண்ணம்

அன்புள்ள மகளுக்கு,

கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதைத் தவிர விடுதலை நாளைக் கொண்டாட வேறு வழியே இல்லையா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. கரீபியன் கடலில் உள்ள ஹைட்டி நாட்டினர் தங்கள் விடுதலை நாளில் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு சூப் குடிக்கிறார்கள். அதன் பெயர் சூப் ஜுமு. ஜுமு என்பது நம் பரங்கிக்காய்தான். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, கடல் கடந்து நம் கொல்லைக்கும் வந்து சேர்ந்த காய் அது.

ஜனவரி 1 அவர்களுக்குப் புத்தாண்டு மட்டுமல்ல, விடுதலை நாளும்கூட. முந்தின இரவே வீட்டில் வேலை தொடங்கிவிடும். வெங்காயத்தாள், பூண்டு, பார்ஸ்லி, தைம், குடைமிளகாய் எல்லாவற்றையும் உரலில் இடித்து 'எப்பிஸ்' என்ற பச்சை விழுது செய்வார்கள். எலுமிச்சைச் சாறு விட்டுக் கழுவிய மாட்டிறைச்சியில் அதைப் பூசி இரவெல்லாம் ஊறவிடுவார்கள். பிறகு இறைச்சியை வேகவைத்து, பரங்கிக்காயை வேகவைத்து மசித்து அந்தச் சாற்றில் கரைப்பார்கள். கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, டர்னிப் ஒவ்வொன்றாகச் சேரும். கடைசியில் மக்ரோனி. காரமான மிளகாய் ஒன்றை முழுதாக மிதக்கவிட்டு, உடையாமல் எடுத்துவிடுவார்கள். மணம் இறங்கும், காரம் தூக்கலாகாது.

காய் நறுக்குவதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. பெரியவர்கள் கதை சொல்வதும் அப்போதுதான். கதை இதுதான்.

ஹைட்டி அன்று சேன் தொமேங் என்ற பிரெஞ்சுக் காலனி. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாகச் சுமார் 5 லட்சம் அடிமைகள் அங்கே கரும்பும் காப்பியும் விளைவித்தார்கள். பரங்கிக்காயைப் பயிரிட்டவர்கள் அவர்கள், சூப்பைக் காய்ச்சியவர்களும் அவர்கள். குடித்தவர்கள் மட்டும் எஜமானர்கள். சமைத்த கைக்கு அதைச் சுவைக்க அனுமதி இல்லை என்றே ஹைட்டியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1803 நவம்பர் 18 அன்று வெர்த்தியேர் போரில் நெப்போலியனின் படையைத் தோற்கடித்தார்கள். 1804 ஜனவரி 1 அன்று கொனாயிவ் நகரில் அவர்களின் படைத் தலைவர் ழான் ழாக் தெசலின் விடுதலையை அறிவித்தார். மறுக்கப்பட்ட சூப்பே அந்த நாளின் உணவாயிற்று.

அந்த விடுதலைக்கும் விலை கேட்டார்கள். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, பழைய எஜமானர்களுக்கு நஷ்டஈடாக 15 கோடி பிராங்கு கொடுக்கச் சொன்னது. பின்னர் அது 9 கோடியாகக் குறைந்தாலும், அதற்காக வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை நீடித்தது. தங்களைத் தாங்களே விடுவித்துக்கொண்டவர்கள், அதற்காக அபராதமும் கட்டினார்கள். இதை மறந்துவிட்டு அந்த நாட்டின் வறுமையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

அத்தனைக்கும் நடுவே அந்த அடுப்பு அணையவில்லை. விடுதலை நாளன்று அண்டை வீடுகளுக்குக் கிண்ணம் கிண்ணமாகச் சூப் போகும், வரும். சமைக்க வசதியில்லாதவருக்கும் பங்கு உண்டு. மயாமியிலும் மான்ட்ரியாலிலும் குடியேறியவர்களும் அன்று இதையே காய்ச்சுகிறார்கள். அதிபர் கொலையையும் பெரும் நிலநடுக்கத்தையும் ஹைட்டி கண்ட 2021ஆம் ஆண்டின் டிசம்பரில், யுனெஸ்கோ சூப் ஜுமுவை மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் ஹைட்டியின் முதல் இடம் அது.

மகளே, ஒரு விருந்தைப் பார்த்தால் பண்டங்களை எண்ணாதே. சமைத்தவர் எங்கே இருக்கிறார் என்று பார். நம் வீடுகளில் எல்லோரும் கைகழுவிய பிறகு, ஆறிப்போன மிச்சத்தோடு உட்காருகிறவர் யார் என்பது உனக்கே தெரியும். வரும் பொங்கலன்று அம்மாவையும் பாட்டியையும் முதல் பந்தியில் உட்காரவை. நீ பரிமாறு.

அன்புடன்,
அப்பா