தற்புகழ்ச்சிக்கு நான்கு இடங்கள்

அன்புள்ள மாணவிக்கு,

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தேறி டெல்லி நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருப்பதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் உன் கடிதத்தின் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை: "என்னைப் பற்றி நானே எப்படி ஐயா உயர்வாகப் பேசுவது? தற்புகழ்ச்சி தகாது என்றுதானே நன்னூல் சொல்கிறது?"

பாதி நன்னூலைத்தான் நினைவில் வைத்திருக்கிறாய். தற்புகழ்ச்சி தகாது என்று ஒரு நூற்பாவில் சொன்ன பவணந்தி முனிவர், அடுத்த நூற்பாவிலேயே நான்கு இடங்களை விலக்கிவிடுகிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையில், எதிரி தன்னைப் பழிக்கும்போது. இந்த நான்கிலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும் என்கிறார். முதல் நூற்பாவை மேடைதோறும் முழங்குகிறவர்கள் இரண்டாவதைச் சொல்வதே இல்லை. அரைகுறைப் பாடம்! அதைக் கேட்டு வளர்ந்த கெட்டிக்காரப் பிள்ளைகள், "பெரிதாக ஒன்றும் செய்யவில்லை சார்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

உன் நிலையைப் பார். நீ அனுப்பிய விரிவான விண்ணப்பம்தான் அந்த ஓலை. எதிரே அமரப்போகும் குழுவினர் உன்னை முன்பின் அறியாதவர்கள். உன் எழுத்துத் தேர்வு மதிப்பெண்கூட அவர்கள் முன் இராது. மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 அவர்கள் கையில். அங்கே வாய்மூடி இருப்பதைப் பவணந்தியார் அடக்கம் என்று ஒப்பமாட்டார்.

அதற்காகப் பட்டியல் வாசிக்காதே. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்திருப்பாய். இல்லையென்றால் இந்த வாரமே படி. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். சாமிநாதையர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். நூல் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்கும் துணிவு உண்டு என்று சாமிநாதையர் சொன்ன பிறகுதான் முதலியாருக்கு அவர்மேல் கவனம் திரும்புகிறது. 1887இல் அவர் பதிப்பாகவே சிந்தாமணி அச்சேறியது. அந்த உரையாடலை நான் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் குரலிலேயே தன் திறமையையும் சொல்ல முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று நான் கண்டதில்லை.

விண்ணப்ப நகலை எடுத்து வைத்துக்கொள். நீ நிரப்பிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிகழ்ச்சி எழுது. 'தலைமைப் பண்பு உண்டு' என்று எழுதினால் நான் சிவப்பு மையால் அடிப்பேன். வெள்ளத்தின்போது விடுதிச் சமையலை நீ ஏற்று நடத்தினாயே, அரிசி எங்கிருந்து வந்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எது தவறிப்போயிற்று, அதைச் சொல். பொழுதுபோக்கு 'புத்தக வாசிப்பு' என்றால், கடைசியாகப் படித்த நூலில் உனக்கு உடன்பாடில்லாத இடம் எது என்றும் தெரிந்திருக்க வேண்டும். மனப்பாடம் மட்டும் செய்யாதே. இடையில் ஒரு கேள்வி விழுந்தால் இழை அறுந்துவிடும். அண்ணனை எதிரே உட்காரவைத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகு.

தமிழில் பேசுவதாகத் தெரிவித்திருக்கிறாய், நல்லது. மொழிபெயர்ப்பாளர் உடனிருப்பார் என்பதால் வாக்கியங்கள் சிறியவையாக இருக்கட்டும்; ஒவ்வொன்றுக்கும் பின் சற்று நிறுத்து.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு அம்மா. படித்துத் திருத்தி உடனே திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தமிழாசிரியர்