மோட்டார் டயரின் விலையும் தரமும்

ஒரு பொருளை வாங்கப் புகுவார்க்கு இருவேறு எண்ணங்கள் எழுதல் இயல்பு. எல்லாம் ஒன்றே, குறைந்த விலைக்குக் கிடைப்பதைக் கொள்வோம் என்பது ஒன்று. விலையில் மிக்கதே தரத்திலும் மிக்கது என்பது மற்றொன்று. அரிசி, ஆடை, எழுதுகோல் போன்றவற்றில் இவ்விரண்டனுள் எதனைப் பின்பற்றினும் பெருங்கேடு நேராது. அரிசி சுவை குன்றியதாயின் அடுத்த திங்களில் வேறு வாங்கிக்கொள்ளலாம். மோட்டார் வண்டியின் டயரோ அத்தன்மைத்தன்று. அதன் குறை, மழை பெய்யும் ஒரு நாளில், பிரேக்கை மிதிக்கும் ஒரு நொடியில், திருத்திக்கொள்ள நேரமில்லாத இடத்தில் வெளிப்படுகின்றது. ஆதலின், மலிவான டயர் வாங்குதல் தக்கதா, விலை மிகுந்தது வாங்குதல் தக்கதா என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், கூறுவேன். என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். டயர் மாற்ற வேண்டிய திங்களும் கல்லூரிச் சம்பளம் கட்டவேண்டிய திங்களும் ஒன்றாய் வருமாயின், எங்கள் இல்லத்தில் அது கவலைக்குரிய திங்களே. இத்தகைய இல்லங்கள் நம் நாட்டில் மிகப் பல. அவர்க்கு இவ்வினா அறிவுக்கு விருந்தாவதன்று. மாதந்தோறும் விடை காண வேண்டிய கணக்காகும்.

டயரின் வரலாறு

இயற்கை ரப்பர் வெப்பத்தில் இளகும்; குளிரில் இறுகும். 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் என்பார் அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்ற, அக்குறை நீங்கி அஃது உறுதியும் நெகிழ்ச்சியும் ஒருங்கே பெறுதலைக் கண்டார். 1845-இல் ஸ்காட்லாந்தினரான ராபர்ட் வில்லியம் தாம்ஸன் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அஃது அக்காலத்தில் வழக்கிற்கு வரவில்லை. 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவரான ஜான் பாய்ட் டன்லப் அதனைத் தாமே மீண்டும் கண்டு மிதிவண்டிக்கு அமைத்த பின்னரே காற்று டயர் உலகெங்கும் பரவிற்று. 1946-இல் பிரான்ஸ் தேசத்து மிஷலின் கம்பெனியார் ரேடியல் என்னும் அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றனர். இன்று கார்களில் ஓடுவன பெரும்பாலும் அவ்வமைப்பினவே.

அதே 1946-ஆம் ஆண்டில், சென்னையை அடுத்த திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பார் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். அதுவே நாளடைவில் எம்.ஆர்.எப். என்னும் பெருங் கம்பெனியாக வளர்ந்தது. பிற்காலத்தில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் முதலிய இடங்களிலும் டயர்த் தொழிற்சாலைகள் எழுந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்கள் உள. ஆகவே இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

விலை வேறுபாட்டிற்குக் காரணம்

புறத்தே நோக்குவார்க்கு எல்லா டயரும் ஒரே கருநிற வளையமே. அகத்தே நோக்கின், இரும்புக் கம்பி வளையம், பாலியெஸ்டர் நூல், எஃகுக் கம்பி வலை, நைலான் உறை, பலவகை ரப்பர், கரித்தூள், கந்தகம், சிலிக்கா எனப் பல பொருள்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஆயிரம் கிலோவிற்கு மேற்பட்ட வண்டியைத் தாங்கும் நான்கு டயர்களுள் ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. ஓடுதல், வளைதல், நிற்றல் ஆகிய மூன்றும் அந்நான்கு உள்ளங்கைகளின் வாயிலாகவே நிகழ்தல் வேண்டும்.

டயர் செய்வோர் மூன்று குணங்களை ஒருங்கே நாடுகின்றனர்: நெடுநாள் தேயாமை, எளிதில் உருளுதல், ஈரத் தரையைப் பற்றிக்கொள்ளுதல். இம்மூன்றும் ஒன்றோடொன்று முரணுவன. ரப்பரைக் கடினமாக்கினால் தேய்வு குறையும், பிடிப்பும் குறையும். மென்மையாக்கினால் பிடிப்பு மிகும்; ஆயுள் குறுகும். 1990-க்குப் பின் பெருக வழங்கிய சிலிக்காச் சேர்க்கை இம்முரணை ஓரளவு தணித்தது. ஆயினும் சிலிக்கா ரப்பரோடு எளிதிற் கலவாது. அதற்குத் தனி இரசாயனப் பொருளும், வெப்பம் தவறாத கலவை முறையும் வேண்டும். இவையெல்லாம் செலவே. எனவே விலை மிகுதிக்கு மெய்யான காரணம் உண்டு.

விலை முழுதும் தரத்தின் விலையே என்றும் கொள்ளலாகாது. விளம்பரத்திற்கும், பந்தயக் கார்களுக்கும், கிரிக்கெட் மட்டையிற் பெயர் ஒட்டுதற்கும் ஆகும் செலவை நாமே கொடுக்கின்றோம். ஆதலின் விலையை மட்டும் கண்டு தரத்தைத் துணிதல், அட்டையைக் கண்டு நூலை மதிப்பிடுதல் போன்றதாம்.

ஈரத் தரையில் நிற்றல்

உலர்ந்த சாலையில் நல்ல டயருக்கும் மட்டமான டயருக்கும் உள்ள வேறுபாடு அத்துணை தோன்றாது. மழையிலேதான் அது வெளிப்படும். இதனைக் கணக்கால் விளக்குவாம். இரண்டு கார்கள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன எனக் கொள்க. ஈரத் தரையில் ஒன்றன் டயருக்குப் பிடிப்பெண் 0.7, மற்றதற்கு 0.5. இருவரும் ஒரே இடத்தில் பிரேக்கை அழுத்துகின்றனர். முதற் கார் ஏறக்குறைய 36 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது 50 மீட்டர் சென்றே நிற்கும். பதினான்கு மீட்டர்தானே எனல் கூடாது. முதற் கார் அசைவற்று நிற்கும் அதே இடத்தை இரண்டாவது கடக்கும்போது, அதன் வேகம் இன்னும் மணிக்கு 42 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆண்டுச் சாலை கடக்கும் பிள்ளை ஒன்று இருப்பின், முன்னவன் அதற்கு வழி விடுவான்; பின்னவன் அதன்மேல் மோதுவான்.

இவ்வெண்கள் விளக்கத்தின் பொருட்டு யான் கொண்டவை. ஆயினும் உண்மை இதற்குச் சேய்த்தன்று. ஐரோப்பிய யூனியனில் 2012-ஆம் ஆண்டு நவம்பர் முதல், விற்கும் ஒவ்வொரு டயருக்கும் ஈரப் பிடிப்பின் வகுப்பைக் குறித்தல் கட்டாயமாயிற்று. அப்போது வகுத்த ஏ முதல் ஜி வரையிலான வகுப்புகளுள், முதல் வகுப்பிற்கும் கடை வகுப்பிற்கும் இடையே, 80 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கும் தொலைவில் 18 மீட்டர் வரை வேறுபாடு உண்டு என அவ்வரசினர் அறிவித்தனர். நம் நாட்டிலும் 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு ஈரப் பிடிப்பு, உருளும் தடை, ஓசை ஆகிய மூன்றிற்கும் அளவு வகுத்தது.

செலவுக் கணக்கு

இனி, பணத்தைப் பற்றிய வாதத்தை நோக்குவாம். மலிவான டயர் ஒன்றின் விலை 3,200 ரூபாய், அஃது ஓடுவது 32,000 கிலோமீட்டர் எனவும், உயர்ந்த டயரின் விலை 5,000 ரூபாய், அஃது ஓடுவது 50,000 கிலோமீட்டர் எனவும் கொள்வோம். இரண்டிற்கும் கிலோமீட்டருக்குப் பத்துப் பைசாவே ஆகின்றது. கடையில் மலிவாகத் தோன்றியது சாலையில் மலிவாகவில்லை. மாற்றும் கூலி, பேலன்சிங், அலைன்மெண்ட், அன்று வண்டி ஓடாமையால் இழக்கும் வருவாய் ஆகியவற்றையும் கூட்டினால், வாடகை வண்டிக்காரர்க்கு மலிவான டயரே செலவு மிக்கதாகும்.

எண்ணெய்ச் செலவும் உண்டு. காரின் எரிபொருளில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை டயரின் காரணமாகவே செலவாகிறது என ஐரோப்பிய யூனியனின் சட்டவுரை கூறும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் 50,000 கிலோமீட்டருக்கு 3,333 லிட்டர் கொள்ளும். எளிதில் உருளும் டயரால் அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு மிஞ்சுமாயின், மிச்சம் 66 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் எனின் 6,600 ரூபாய். நான்கு டயருக்கும் சேர்த்து நாம் முன்னர்க் கண்ட விலை வேறுபாடோ 7,200 ரூபாய். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் அறியார் என்னும் பழமொழி ஈண்டு நினைக்கத் தக்கது.

எனினும் இக்கணக்கு எல்லார்க்கும் பொருந்தாது. ஆண்டிற்கு ஐயாயிரம் கிலோமீட்டரே ஓட்டும் இல்லத்தார் ஒருவர், 50,000 கிலோமீட்டர் ஓடும் டயரைத் தேய்த்து முடிக்கப் பத்தாண்டு செல்லும். அதற்குள் ரப்பர் முதுமையுற்று வெடிப்புக் காணும். அவர் வாங்கிய நீண்ட ஆயுள் பயன்படாமலே கழியும். அவர் தேய்வில் இடைத்தரமான டயரை வாங்குதலில் இழுக்கில்லை. ஓசை சிறிது மிகினும் பொறுத்துக்கொள்ளலாம். ஈரப் பிடிப்பில் மட்டும் அவருக்கும் விலக்கில்லை. ஆண்டிற்கு ஒருமுறை ஓட்டுவானுக்கும் மழை மழையே.

வாங்குவோர் நோக்க வேண்டுவன

முதலாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2009-ஆம் ஆண்டு ஆணையின்படி அஃது இன்றியமையாதது.

இரண்டாவது, அளவும் தாங்கும் எண்ணும். 185/65 ஆர் 15, 88 எச் எனப் பொறித்திருப்பின், 88 என்பது அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதையும், எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அதற்கு ஏற்ற வேகம் என்பதையும் குறிக்கும். வண்டி செய்தோர் குறித்த அளவிற்குக் குறைந்ததை மலிவு கருதி வாங்கலாகாது.

மூன்றாவது, பிறந்த நாள். பக்கத்திற் பொறித்த நான்கு இலக்கங்களுள் முன்னிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 2423 என்பது 2023-ஆம் ஆண்டின் இருபத்து நான்காம் வாரம். புகழ் பெற்ற டயராயினும் கிடங்கிற் பல்லாண்டு கிடந்து முதிர்ந்ததாயின், அதனைத் தள்ளுபடி விலைக்குத் தருதல் தயவாகாது.

நான்காவது, பட்டனின் ஆழம். புதிய கார் டயரில் அஃது ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர். 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படி அதில் ஓட்டலாகாது. தேய்ந்த டயரில் கத்தியால் மீண்டும் கோடு கீறிப் புதியது போல விற்பாரும் உளர். அவ்வாறு கீறிய டயரில் ரப்பர் கூடுவதில்லை. எஃகு வலையின் மேலிருந்த சிறிதும் குறைகின்றது. உலகில் மிக மலிவான டயரும் மிக அபாயமான டயரும் அதுவே.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

கையிற் பொருளில்லாதவன் என் செய்வான், அவன் வண்டி ஓட்டலாகாதோ என ஒருவர் வினவலாம். தக்க வினாவே. அவனுக்கு உரைப்பன மூன்று. ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற மலிவான புதிய டயர், தேய்ந்த உயர்ந்த டயரினும் மழையில் நன்று. திங்கள்தோறும் காற்றை அளந்து சரியாக வைத்தல் செலவின்றி ஆயுளையும் பிடிப்பையும் காக்கும். மூன்றாவது, வேகம். முற்கூறிய இரண்டாம் கார் 80-ஐ விடுத்து 67 கிலோமீட்டரில் வந்திருப்பின், அதுவும் அதே 36 மீட்டரில் நின்றிருக்கும். பணத்தால் வாங்க இயலாத பிடிப்பை நிதானத்தால் பெறலாம். அதற்கு எக்கடையிலும் விலை கேட்பாரில்லை.

முடிபு

மேற்கூறியவற்றால், மலிவு தன்னளவிற் குற்றமன்று, விலையுயர்வும் தன்னளவிற் குணமன்று என்பது போதரும். சிக்கனத்தில் இருவகை உண்டு. ஒன்று நம்முடைய வசதியைக் குறைத்துக்கொள்வது: ஓசை, மென்மை, பெயரின் பெருமை, ஓரளவு ஆயுள். இஃது எவரும் செய்யத் தக்கது. மற்றொன்று பிறருடைய பாதுகாப்பைக் குறைத்து நம் பணத்தை மிச்சப்படுத்துவது. ஈரப் பிடிப்பில் செய்யும் சிக்கனம் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஏனெனில் அம்மிச்சம் வாங்கினவன் பையிற் சேர்கின்றது. அதன் விலையையோ சாலை கடக்கும் ஒருவர், பேரம் பேசும்போது உடனில்லாத ஒருவர், கொடுக்க நேர்கின்றது. ஆதலின் டயர் வாங்கச் செல்வோர், விலை என்ன என்று வினவுமுன், மழையில் இஃது எத்துணைத் தொலைவில் நிற்கும் என்று வினவுவாராக. அவ்வினாவிற்கு நல்விடை தரும் டயர்களுள் மலிவானது எதுவோ அதனையே வாங்குக. அதுவே உண்மையான மலிவு என்பது என் துணிபு.