பாலே காட்டிக்கொடுக்கும் மடிநோய்

தோட்டப்புறங்களில் மாடு வளர்த்த நம் பெரியவர்களில் சிலர், பாலில் ஒரு துளியை நாவில் வைத்துப் பார்த்து, "உப்புக் கரிக்கிறது, மடியைக் கவனி" என்பார்கள். காய்ச்சாத பாலைச் சுவைப்பது நல்ல பழக்கமன்று. ஆயினும் அவர்கள் சொன்னதில் இரசாயனம் இருக்கிறது.

பசுவின் மடி நான்கு தனித்தனிப் பகுதிகளால் ஆனது. காம்புத் துளை வழியே கிருமி புகுந்து அழற்சி உண்டானால், பால் சுரக்கும் உயிரணுக்களுக்கு இடையிலுள்ள இறுக்கம் தளர்ந்துவிடும். இரத்தத்திலுள்ள சோடியமும் குளோரைடும் பாலுக்குள் கசியும். பாற்சர்க்கரையும் பொட்டாசியமும் குறையும். உப்புச்சுவைக்குக் காரணம் இதுவே. இத்தகைய பாலில் மின்சாரம் எளிதாகப் பாயும். அதை அளக்கும் கருவி இன்று பல கறவை இயந்திரங்களிலேயே உண்டு.

மடி வீங்கிச் சிவந்தால், பால் திரிதிரியாக வந்தால் எவருக்கும் தெரியும். மறைந்திருக்கும் மடிநோய்தான் ஆபத்தானது. பால் வெள்ளையாகவே இருக்கும், மாடும் தீனி தின்னும், கறவை மட்டும் குறைந்துகொண்டே போகும்.

அதைக் கண்டறிய, பாலில் சேரும் வெள்ளை அணுக்களைக் கணக்கிடுகிறார்கள். நலமான மடியில் ஒரு மில்லிலீட்டருக்கு அவை பெரும்பாலும் 100,000க்குள் இருக்கும். 200,000ஐத் தாண்டினால் ஐயம் கொள்ளவேண்டும். 1957இல் ஷாம், நூர்லாண்டர் என்னும் இருவர் வெளியிட்ட கலிபோர்னியா சோதனைக்கு நுண்ணோக்கி வேண்டியதில்லை. நான்கு குழியுள்ள தட்டில் நான்கு காம்பின் பாலையும் தனித்தனியே பிடித்து, சம அளவு சவர்க்காரக் கரைசலைச் சேர்த்துச் சுழற்றவேண்டும். அணுக்கள் உடைந்து, உள்ளிருக்கும் மரபுப்பொருள் வெளிப்பட்டு, பால் கூழாகக் கெட்டிப்படும். கூழ் எவ்வளவு கெட்டியோ, அழற்சி அவ்வளவு அதிகம்.

ஆய்வுக்கூடங்கள் இன்னும் நுட்பமாகப் பார்க்கின்றன. சிதைந்த உயிரணுக்களிலிருந்து கசியும் லேக்டேட் டிஹைட்ரோஜினேஸ், நேகேஸ் ஆகிய நொதிகளும், ஹேப்டோகுளோபின், அமைலாய்டு ஏ ஆகிய புரதங்களும் நோயில் உயர்கின்றன. அமைலாய்டு ஏயின் ஒரு வகையை மடியே உண்டாக்குகிறது. ஆதலால் உடலின் வேறு பாகத்து நோயோடு அதைக் குழப்பிக்கொள்ளும் வாய்ப்புக் குறைவு.

ஒன்றை மறக்கலாகாது. சீம்பால் நாட்களிலும் கறவை வற்றும் காலத்திலும் அணுக்கள் இயல்பாகவே கூடும். நான்கு காம்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். மேலும் இவை அழற்சியைச் சொல்லுமே தவிர, எந்தக் கிருமி என்று சொல்லா. அதற்குப் பாலில் கிருமி வளர்த்துப் பார்க்கவேண்டும். அதற்குமுன் ஊசி போட்டால் மருந்தும் வீணாகலாம், மருந்து கலந்த பாலையும் பல நாள் கொட்டவேண்டிவரும். இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவருக்கு அது சிறிய நட்டமா?

அவருக்குத் தட்டும் கரைசலுமே போதும் என்பேன். முதல் சில பீச்சல்களைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்து, நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறந்து, பின்னர்க் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளட்டும்.